கடலுக்கும் ஆற்றுக்கும் ஒரே கோல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஒரு மனிதனிடம் ஒரே ஒரு தூண்டில் கோல்தான் இருக்கலாம் என்றால் அது எத்தனை அடி இருக்க வேண்டும்? மெய்யியலார் இந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டார்கள். பொருளியலாருக்கு இதில் அக்கறை இல்லை. வீட்டில் உள்ளவர்களோ “முதலில் அது எதற்கு?” என்று வேறொரு கேள்வியைக் கிளப்பி விவாதத்தைத் திசைதிருப்பிவிடுகிறார்கள். துறையில் நிலவும் இந்த வெற்றிடத்தை நிரப்பும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுப் புலத்தை முதலில் வரையறுத்துவிடுவது மரபு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி ஒரு பக்கம். திருச்செந்தூருக்குத் தெற்கே, அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வரும் மணப்பாட்டுக் கரை மறுபக்கம். நெல்லையில் குடியிருக்கும் ஒரு தூண்டில்காரர் காலையில் ஆற்றங்கரையில் ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் உட்கார்ந்துவிட்டு, மத்தியானம் பஸ் ஏறினால் சாயங்காலம் கடற்கரையில் கிழங்கானுக்கும் பாறைக்கும் நிற்கலாம். இரண்டுக்கும் தனித்தனிக் கோல் வாங்க வசதி உள்ளவர்கள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

முன்னோர் சொன்னதைப் பார்க்கலாம். திருவள்ளுவர் சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே தூண்டில் முள்ளையும் அதை விழுங்கும் மீனையும் பேசுகிறார்; கோலின் நீளம் பற்றி ஒரு சீர்கூட ஒதுக்கவில்லை. அந்தக் குறையைக் குறுந்தொகை ஓரளவு தீர்த்துவைக்கிறது. அதன் 54ஆம் பாட்டில், தினைப்புனம் காப்பவர்களின் கவண் ஓசைக்கு மிரண்ட காட்டு யானை, வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைச் சட்டென்று விட்டுவிடுகிறது. மூங்கில் விருட்டென நிமிர்கிறது, மீன் பிடிக்கிற தூண்டில் மேலெழுவது போல. இந்த உவமையாலேயே பாடியவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் வந்தது. இன்றைய கம்பெனிகள் ‘ஆக்‌ஷன்’, ‘ரிகவரி’ என்று பளபளப்பான எழுத்தில் அச்சடிப்பது வேறொன்றும் இல்லை: கோல் எந்த இடத்தில் வளைகிறது, வளைந்தது எவ்வளவு சீக்கிரம் நேராகிறது என்பதுதான். உரையாசிரியர்கள் பாட்டைச் சொல்லும் தலைவியின் துயரத்தில் மூழ்கிப்போய் இந்தத் தொழில்நுட்பக் குறிப்பைக் கோட்டைவிட்டுவிட்டனர் என்பது இக்கட்டுரையின் பணிவான குற்றச்சாட்டு.

அடுத்த முக்கிய ஆசிரியர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த இந்த வெள்ளைக்கார அதிகாரி 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அது போதாதென்று பிறகு குளத்து மீன்பிடிப்புக்குத் தனியாக இன்னொரு புத்தகமும் எழுதினார். ஆனால் அவருடைய சம்பளத்தில் ‘ஒரே கோல்’ என்ற பிரச்சினை எழ வாய்ப்பில்லை என்பதால் அவருடைய சாட்சியம் இங்கே செல்லாது.

நம் காலத்துக் கோலைத் தீர்மானித்தது கோலே அல்ல, ரீல்தான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை நடத்திய ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905இல் ஒரு ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் தூண்டில் நரம்பு சுற்றிய உருளை சுழலாது; நரம்பு அதன் விளிம்பு வழியாகச் சுருள் சுருளாக வழுகிப் போகும். ஆலையில் நூற்கண்டிலிருந்து நூல் உருவி வருவதைத் தினம் பார்த்தவருக்கு இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை. கோலுக்குக் கீழே தொங்குகிற இன்றைய ஸ்பின்னிங் ரீல் அதன் வாரிசு. சுருளாக வரும் நரம்பு உரசாமல் நுழைய வேண்டும் என்பதால்தான் ஸ்பின்னிங் ராடின் முதல் வளையம் அத்தனை பெரிதாகவும், நுனிக்குப் போகப்போக வளையங்கள் சிறுத்தும் இருக்கின்றன. முதல் வளையம் சிறியதாக உள்ள ராடைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் கீழே வைத்துவிடலாம்.

இனி மையப் பிரச்சினை. இந்தத் துறையில் இரண்டு சித்தாந்தங்கள் உண்டு. நீளவாதிகள் பன்னிரண்டு அடிக்குக் குறைந்ததைக் கோல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. நீண்ட கோலின் நுனி அதிக வேகத்தில் சுழலும், நரம்பில் கட்டிய ஈயம் தூரமாகப் போகும், உடைகிற அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கலாம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பிழையில்லை. ஆனால் அந்தக் கோலை எடுத்துக்கொண்டு தாமிரபரணிக் கரைக்கு வந்தால், முதல் வீச்சிலேயே அது மருத மரக் கிளையில் மாட்டும். ஆற்றில் வீசுமுன் பின்பக்கமாகக் கையை ஓங்க இடம் வேண்டுமே! குட்டைவாதிகளோ ஆறு, ஏழு அடிக்கு மேல் தேவையே இல்லை என்பார்கள். அவர்களை மணப்பாட்டில் நிறுத்தினால், வரும் அலை ஒவ்வொன்றும் நரம்பின் மேல் ஏறி ஈயத்தைக் கரைக்கு உருட்டிக்கொண்டு வந்து காலடியில் போட்டுவிட்டுப் போகும்.

நீளவாதிகள் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. மணற்கரையில் மீன் எப்போதும் தொடுவானத்தில் நிற்பதில்லை. அலை உடைந்து மணலை அரிக்கிற இடத்தில் கரைக்கு இணையாக ஒரு பள்ளம் விழும். புழுவும் நண்டுக் குஞ்சும் புரண்டு வருவது அங்கேதான், கிழங்கான் மேய்வதும் அங்கேதான். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு மீன்களின் தலைக்கு மேலே நெடுந்தூரம் வீசுகிறவர்களை எந்தக் கடற்கரையிலும் காணலாம். கடலுக்குத் தூரம் அவசியம் என்ற கருதுகோள் இத்துடன் பாதி சரிகிறது. ஒன்பது அடி, அதாவது 2.7 மீட்டர், என்ற சமரசம் இப்படித்தான் பிறக்கிறது. இது நீளவாதிக்கும் பிடிக்காது, குட்டைவாதிக்கும் பிடிக்காது. நல்ல சமரசத்துக்கு வேறு இலக்கணம் இல்லை.

நீளத்தைவிட முக்கியமான எண் ஒன்று பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும்: 10–40 கிராம், 20–60 கிராம் என்று. அந்தக் கோல் எந்த எடையை வீசுவதற்காகச் செய்யப்பட்டது என்பதன் கணக்கு அது. கீழ் எண்ணுக்கும் குறைவான எடையைக் கட்டினால் கோல் வளையவே வளையாது. வளையாத கோல் எதையும் வீசாது. மேல் எண்ணை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம், ‘டப்’ என்ற ஓசை போதும். ஆற்றில் தக்கையும் சிறு ஈயமுமாகப் பதினைந்து கிராம் போதும். கடலில் ஈயம் மணலில் நிற்க ஐம்பது, அறுபது கிராமாவது வேண்டும். இரண்டையும் சமாளிக்க 15–60 கிராமுக்குப் பக்கத்தில் வரும் ‘மீடியம்’ அல்லது அதற்கு ஒரு படி மேலான ராடு சரி. ஆடிக் காற்றில் நரம்பு வில்லாக வளைந்து ஈயத்தை இழுக்கும்போது இந்தக் கோல் தோற்கும். அன்றைக்கு ஆற்றுக்குப் போய்விட வேண்டும். ஒற்றைக் கோல்காரருக்கு உள்ள ஒரே சலுகை அதுதான்.

கனத்த ஈயம் வீசுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு தாங்கும் லீடர், அதாவது ரீல் நரம்பின் நுனியில் கட்டும் தடித்த நரம்பு. அறுபது கிராம் என்பது இரண்டு அவுன்ஸுக்குச் சற்று மேல். ஆகவே இருபது பவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான லீடரைக் கட்டிவிட்டு, ரீலில் மெல்லிய நரம்பை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் புறக்கணித்தால் வீசும் வேகத்தில் நரம்பு அறுந்து, ஈயம் மட்டும் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். கரையில் குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் இது சிரிக்கிற விஷயம் அல்ல.

கோல் எதனால் ஆனது என்பதில் பணக்காரத் தத்துவமும் ஏழைத் தத்துவமும் மோதுகின்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மூங்கிலை ஓரங்கட்டிக்கொண்டு கண்ணாடியிழை வந்தது. 1970களில் கார்பன் இழை வந்தது. கார்பன் இலேசு, விறைப்பு. மீன் முகர்ந்து பார்த்தால்கூட விரலுக்குத் தெரியும். ஆனால் பாறையில் ஒருமுறை மோதி நுண்ணிய கீறல் விழுந்தால், அடுத்த பெரிய மீனுக்கு அது உடைந்து பழி தீர்த்துக்கொள்ளும். கண்ணாடியிழை கனம், மந்தம். ஆனால் அடிபட்டும் பிழைக்கும். இரண்டையும் கலந்து ஷேக்ஸ்பியர் கம்பெனி 1976இல் ‘அக்லி ஸ்டிக்’ என்று ஒரு ராடை விட்டது. பெயரிலேயே அவலட்சணத்தை ஒப்புக்கொண்டும் அது இன்றுவரை விற்கிறது. ஒரே கோலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் நசுங்கிப் போகிறவருக்குக் கலப்பு இழையே உத்தமம். கார்பனில் மின்சாரம் பாயும் என்பதையும் மறக்கக் கூடாது: இடி இடிக்கும்போதும் மின்கம்பிக்கு அடியிலும் அதைத் தூக்கிப் பிடிப்பது தற்கொலை முயற்சி.

பஸ் என்றதும் மடக்குக் கோல் நினைவுக்கு வருகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்து பைக்குள் அடங்கிவிடும் டெலஸ்கோப் ராடு, காகிதத்தில் பரிபூரணமான பொருள். கடற்கரை மணல் அதன் மூட்டுகளில் புகுந்த நாளோடு பரிபூரணம் முடிகிறது. இரண்டு துண்டுக் கோல் பிரித்தால் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். ரயிலின் மேல் பெர்த்தில் படுக்கும், பஸ்ஸில் கண்டக்டர் முறைப்பதோடு விட்டுவிடுவார். இணைப்பில் லேசாக மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்தால் இறுகிக்கொள்ளாது. அப்படியும் இறுகினால் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, கோலை முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து, இரு முழங்கால்களுக்கும் வெளிப்பக்கமாகக் கைகளால் பிடித்துக்கொண்டு முழங்கால்களை விரிக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, ஆனால் கழன்றுவிடும்.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள் சில. கோலை வாளாக வீசிப் பார்ப்பது அவற்றில் சேராது. கடைகளில் ராடுகளை முறிப்பதில் சீலிங் ஃபேனுக்குச் சமமான மீன் எந்தக் கடலிலும் இல்லை. நுனியைக் கூரையில் அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு துளிப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்து எடுக்க வேண்டும். உள்ளே பதித்த பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். அதே விரிசல் நாளை நரம்பை அறுக்கும். பிறகு இரண்டு துண்டையும் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை பார்க்கலாம். வளையங்கள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கடைசியாகத் தன்னுடைய ரீலையே கொண்டுபோய்ப் பொருத்தி, இருக்கை ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். விலைச்சீட்டைப் பார்ப்பது இதற்கெல்லாம் பிறகுதான்.

தீர்ப்பு இதுதான். ஒன்பது அடி, இரண்டு துண்டு, கலப்பு இழை, 15–60 கிராம், அதோடு ‘4000’ என்று அளவு குறித்த ஸ்பின்னிங் ரீல். கையில் உள்ள காசில் ரீலுக்குக் கோலைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கலாம், ஏனென்றால் உப்பு முதலில் தின்பது ரீலைத்தான். கடலுக்குப் போய் வந்த இரவே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுப் படுங்கள்.