கள்ளுக்கடைக் கச்சேரி

கேமரன் மலையில் பழைய மதுக்கூடம் எது என்று கேட்டால் எல்லோரும் ஸ்மோக்ஹவுஸைக் காட்டுவார்கள். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, இங்கிலாந்துக் கிராமத்து வீட்டின் சாயலில் நிற்கும். ஊர் நினைப்பில் வாடிய துரைமார்களுக்காக 1930களில் எழுந்தது. ரிங்லெட்டில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் கிராணியாகவே தலை நரைத்த நான் அதன் பூந்தோட்டம் வரைக்கும்தான் போயிருக்கிறேன். உள்ளே கணப்பு எரியும் என்பார்கள். நெருப்புக் காய்வதற்குக் காசு கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அப்படிப்பட்டவனைத்தான் டப்ளினில் ஒரு பப்புக்குள் தள்ளிக்கொண்டு போனாள் என் மகள். பாதி டப்ளினிலும் பாதி பினாங்கிலுமாகப் படிக்கும் மருத்துவப் படிப்பு அவளுடையது. பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று பார்க்கப் போன தகப்பனுக்கு முதலில் காட்ட வேண்டியது நூலகம் என்று நான் நினைத்திருந்தேன்.

"பப்புன்னா கள்ளுக்கடைதானேம்மா?"

"ஐயோ அப்பா, இது ஹெரிட்டேஜ் லா!"

டப்ளினில் ஹெரிட்டேஜுக்குப் பஞ்சமில்லை. பிரேசன் ஹெட் என்ற பப் 1198-இலிருந்து நடப்பதாகப் பெருமை பேசுகிறது. இப்போதிருக்கும் கட்டடம் என்னவோ 1754-இல் கட்டியது. நடுவில் ஐந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று கிராணி மூளை கேட்கத்தான் செய்யும். மகள் கூட்டிப்போனது அங்கே அல்ல, மெரியன் ரோவில் இருக்கும் ஓடோனஹூஸுக்கு. 1789-இல் மளிகைக் கடையாகக் கட்டிய இடம், 1934 முதல் முழுநேர பப். 1962-இல் இங்கே சும்மா உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த சில தாடிக்காரர்கள்தாம் பின்னால் 'தி டப்ளினர்ஸ்' என்று உலகம் சுற்றினார்கள். சுவர் முழுக்கப் பாட்டுக்காரர்களின் படங்கள். மாலை மட்டும்தான் போடவில்லை.

கின்னஸ் கேட்டோம். கிளாஸில் முக்கால் பங்கு ஊற்றிவிட்டு அந்தப் பையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கோபமோ என்று பார்த்தால், அதுதான் முறையாம். நுரை அடங்கிய பிறகுதான் மீதி. எல்லாம் சேர்த்து 119.5 விநாடி என்று கம்பெனியே கணக்கு வைத்திருக்கிறது. அந்த அரை விநாடியை மதிக்கிறவனை எனக்குப் பிடிக்கும். விலையை வெள்ளியாக மாற்றிப் பார்த்தேன், முப்பதுக்கு மேலே போனது. மேற்கொண்டு மாற்றிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். ஒரு வாய் குடித்தால், உலர்த்தும் அடுப்பில் தீய்ந்துபோன தேயிலையின் வாசம் அப்படியே. அந்த இலைக்காக மண்டோர்கள் என்னிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? இங்கே வாற்கோதுமையை வேண்டுமென்றே கருக வறுத்துக் காசு பார்க்கிறார்கள்.

இந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஆர்தர் கின்னஸ் 1759-இல் ஆலைக்கு இடம் பிடித்தாராம். குத்தகை 9,000 ஆண்டுக்கு, வருஷம் 45 பவுண்டு. எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த லயத்து வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வேலை முடிந்தால் சாமானைக் கட்ட வேண்டியதுதான்.

சன்னல் ஓரத்தில் கச்சேரி ஆரம்பித்தது. மேடை இல்லை, மைக் இல்லை, வரவேற்புரை இல்லை. எங்கள் பக்கத்தில் டத்தோ வந்து சேராமல் தவிலில் கை வைக்க முடியாது, டத்தோ வர இரண்டு மணி நேரம் ஆகும். இவர்களோ ஒரு மேசையைச் சுற்றி, சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே வாசித்துக்கொள்கிறார்கள். ஒருவர் பிடில். ஒருவர் கக்கத்தில் துருத்தியை வைத்து அமுக்கி அமுக்கி ஒரு குழல் வாசித்தார், அதற்குள்ளேயே ஒத்தும் இருக்கிறது. நாதஸ்வரக்காரரிடம் சொன்னால் ஒத்துக்காரரை நிறுத்திவிடுவார், அதனால் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொருவர் கையில் பௌரான். ஆட்டுத்தோல் போர்த்திய ஒற்றை முகத் தாளவாத்தியம். குட்டைக் குச்சியால் அடித்துக்கொண்டே, மறு கையை உள்பக்கத் தோலில் அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்குகிறார். வளைந்த குச்சியால் உறுமியை இழுத்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகப் படவில்லை. அவர்கள் ஜிக் என்று சொல்லும் நடனத் தாளம் சாட்சாத் தகிட தகிட. என் விரல் மேசைக்குப் போய்விட்டது.

"அப்பா, தட்டாதீங்க. அவங்க பார்க்குறாங்க."

குடியும் தோல்வாத்தியமும் எங்களிடமும் இருந்தவைதான். மலையில் தென்னை வளராது. கீழே ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது, நிர்வாகத்தின் கண்பார்வையிலேயே. மாதம் முழுக்கப் பால்மரம் சீவியவனின் சம்பளம் ஆபீசில் கிளம்பி, கள்ளுக்கடையைச் சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் வீட்டுக்கு வராமலே போய்விடும். 1941-இல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். போருக்குப் பிறகு கெடாவில் கள்ளை எதிர்த்துத் தொண்டர் படை கிளம்பியது. 1947-இல் பெடோங் பக்கம் கள்ளுக்கடை எதிர்ப்பு போலீசோடு மோதல் வரைக்கும் போயிற்று. குடிக்கிற இடத்தை மூடு என்று குடிக்கிற வர்க்கமே கொடி பிடித்த கதையை அந்தப் பௌரான்காரரிடம் சொன்னால் நம்பியிருப்பாரா, தெரியாது. அந்தக் கடைகளுக்காக நான் ஏங்கவில்லை. ஆனாலும் சுவரில் படம் மாட்டும் அளவுக்கு எங்கள் உறுமிக்காரர் எவருக்கும் ஓர் இடம் வாய்க்கவில்லையே என்று, இரண்டாவது கிளாஸின் பாதியில், எனக்கு ஆற்றாமையாக வந்தது.

அப்போதுதான் வம்பு வந்தது. பாடி முடித்தவர் அடுத்துப் பாட வேண்டியவரைக் கைகாட்டுவது அங்கே ஒரு வழக்கமாம். கிழவர் ஒருவர் கண்ணை மூடி உருகிப் பாடி முடித்தார், கண்ணைத் திறந்தார், மேசையைத் தட்டிக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டினார். மகள் தரையைப் பார்த்தாள். எனக்கு முழுதாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. சம்பள நாளில் தாத்தா தள்ளாடி வரும்போது, எங்கள் பாட்டி வாசலில் நின்று ராகம் போட்டு ஏசுவாள். குடிகாரனையும் கள்ளு விற்றவனையும் அந்தத் தென்னையை நட்டவனையும் ஒருவர் விடாமல் சபிக்கும் பாட்டு.

எடுத்து விட்டேன். இரண்டாவது அடியிலேயே பௌரான்காரர் தகிடவைப் பிடித்துக்கொண்டார், மூன்றாவதில் பிடில் வந்து ஒட்டியது. பாட்டி இத்தனை பக்கவாத்தியத்தோடு ஏசியதே இல்லை. முடித்ததும் கடையே கைதட்டியது. பாட்டு எதைப் பற்றி என்று கிழவர் கேட்டார். மகள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் வழிவழியாக வரும் குடிப்பாட்டு, பாட்டி சொல்லிக்கொடுத்தது என்று ஆங்கிலத்தில் விளக்கினாள்.

கிழவர் எழுந்து நின்றார். பாட்டியின் பெயரைக் கேட்டு, அதை மூன்று விதமாகத் தவறாக உச்சரித்து, கிளாஸை உயர்த்தினார். எல்லோரும் உயர்த்தினார்கள். பாட்டியின் ஞாபகார்த்தமாக எனக்கு இன்னொரு கின்னஸ் ஊற்றச் சொல்லிக் காசையும் அவரே கொடுத்துவிட்டார்.