வாரண்டி அண்ணன்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அறந்தாங்கி டீக்கடைகளில் அது யாருக்கும் தேவைப்படுவதில்லை; 'வாரண்டி அண்ணன்' என்றால் போதும். ஒரே ஆளைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பேராவூரணி ரோட்டில் ஒருவர் இருக்கிறார், ஆவுடையார்கோயில் ரோட்டில் ஒருவர் இருக்கிறார், போன வருஷம் வரை நம்மைப்போல் சாதாரண மனிதராக இருந்து, இந்தத் தையில் புதுக் கார் எடுத்து வரிசையில் சேர்ந்தவரும் இருக்கிறார். சிலருக்குச் சிங்கப்பூர்ப் பணம், சிலருக்குத் தென்னந்தோப்புப் பணம், சிலருக்கு வாத்தியார் வேலையில் ரிட்டயராகி வந்த பணம். எப்படி வந்திருந்தாலும் கொண்டுபோய் உட்கார வைத்த இடம் ஒன்றுதான்: புதுக்கோட்டையிலோ காரைக்குடியிலோ ஒரு சர்வீஸ் சென்டரின் வெயிட்டிங் ரூம்.

வண்டி எடுத்த அன்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஷோரூமில் கேக் வெட்டினார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. டயரில் அந்த ஈரம் காய்வதற்குள் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது.

ஒருவர் திருஷ்டி என்றார். இன்னொருவர் டிஎன் 55க்குப் பின்னால் வரும் நம்பரையெல்லாம் கூட்டிப் பார்த்து, "எட்டு வருதேண்ணே" என்று உதட்டைப் பிதுக்கினார். இதையெல்லாம் அண்ணன் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது சகலை சொன்னதுதான். வேறு கம்பெனி வண்டியை எடுக்கச் சொல்லி ஆறு மாதமாகத் தலைப்பாடாக அடித்துக்கொண்டவர் அவர். போனில் அவர் சொன்னது மூன்றே வார்த்தை: "அப்பவே சொன்னேன்ல, அண்ணே."

அன்றைக்கு அண்ணனின் காது மாறிப்போயிற்று. சமையல்கட்டிலிருந்து மனைவி நாலு தடவை கூப்பிட்டாலும் கேட்காது. இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் 'டொக்'கென்று ஒன்று விழுந்தால் கேட்டுவிடும். அவர் வண்டியில் யாரும் பயணியாக ஏற முடியாது, சாட்சியாகத்தான் ஏற முடியும். "ஏசிய அமத்து. பாட்ட நிறுத்து. இப்ப வரும் பாரு, ஸ்பீடு பிரேக்கர்ல... ம், கேட்டுச்சா?" கேட்கவில்லை என்று சொன்னவரை ரிவர்ஸ் எடுத்து அதே ஸ்பீடு பிரேக்கரில் மறுபடி ஏற்றி இறக்குவார். பிள்ளைகள் விவரமானவர்கள். தெருமுனை திரும்பும்போதே "கேட்டுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, பெல் அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள்.

சர்வீஸ் சென்டர் கேட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடும், ஊரைக் கலக்குகிற ரவுடி ஸ்டேஷனுக்குள் போனதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. டேப்லெட்டும் கையுமாக ஒரு பையன் வருவான். அவன்தான் சர்வீஸ் அட்வைசர்.

"ஸ்கேனர் போட்டுப் பாத்துட்டோம் சார். எரர் கோடு எதுவும் காட்டல."

"சத்தத்துக்கு எப்படிப்பா கோடு காட்டும்?"

கேள்வி நியாயமானது. சென்சார்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்ததைத்தான் ஸ்கேனர் திருப்பிச் சொல்லும். வண்டிக்கு அடியில் ஒரு ஜாயிண்ட் லூசாகி ஆடினால், அதைப் போட்டுக்கொடுக்க அங்கே சென்சார் கிடையாது. பையனிடம் இதற்கும் பதில் உண்டு: "இந்த மாடலோட நேச்சரே அப்படித்தான் சார்." ஜாப் கார்டில் சத்தம் வருகிறது என்று எழுத மாட்டார்கள், சத்தம் வருவதாக வாடிக்கையாளர் சொல்கிறார் என்றுதான் எழுதுவார்கள். அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறுவது இந்த இடத்தில். சாயங்காலம் வண்டியைக் கழுவி, துடைத்து, உள்ளே வாசனை அடித்து இலவசமாகக் கொடுத்தனுப்புவார்கள். அறந்தாங்கியில் பளபளவென்று ஒரு கார் போனால் அதற்கு ஏதோ கோளாறு என்று இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சத்தத்தைக் கண்டுபிடித்தவர் கட்டுமாவடி ரோட்டில் மரத்தடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக். டீயைக் குடித்துக்கொண்டே பம்பரை இரண்டு அமுக்கு அமுக்கினார். குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு எதையோ பிடித்து ஆட்டினார். "லிங்க் ராடுண்ணே. திருப்பத்துல வண்டி ஒரு பக்கமா சாயாம புடிக்கிறது. பால் ஜாயிண்ட் லூசு."

"நீயே மாத்திவிட்ரு."

"நான் கைய வெச்சா உங்க வாரண்டி போயிரும்ணே" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அவர் பேச்சில் இருந்தது மரியாதையா கிண்டலா என்பது அண்ணனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

லிங்க் ராடு மாறியது. மஞ்சள் விளக்கு அணையவில்லை. அது தனிக் கதை, அதில் அண்ணனுக்கும் பங்கு உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 விதி வந்தது. பிஎஸ் 4லிருந்து ஐந்தைத் தாண்டி நேரே ஆறுக்குப் போனோம். அதிலிருந்து புது டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் விடாமல் கொஞ்ச நேரம் ஓடினால் உள்ளே சூடு 600 டிகிரி அளவுக்கு ஏறி, சேர்ந்த கரி தானே எரிந்துவிடும். அண்ணன் வண்டி ஓடுவது வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு, கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு, அதுவும் இரண்டாவது கியரில். ஃபில்டர் அடைக்காமல் என்ன செய்யும்? "மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க சார்?" என்று ஷோரூமில் கேட்டபோது, பக்கத்தில் சகலை நின்றதால், "வாரா வாரம் மெட்ராஸ்தான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அப்படி ஓட்டுகிறவருக்கு டீசல்தானே சரி என்று அவர்களும் டீசலைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டி மீமிசல் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, கோட்டைப்பட்டினம் தாண்டித் திரும்பி வருகிறது. வேலை ஒன்றும் கிடையாது. கரி எரிய வேண்டும், அவ்வளவுதான். "எனக்கு சுகர்னு டாக்டர் நடக்கச் சொன்னாரு. ஒருநா கூட வந்ததில்ல. கார நடத்துறதுக்கு மட்டும் விடியக்காலம் எந்திரிக்கிறாரு" என்கிறார் அண்ணி. தெருக்காரர்களுக்கு விஷயம் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரியே பையும் பணமும் வந்துவிடும்: "நாளைக்கு நண்டு நல்லதாப் பாத்து ஒரு கிலோ வாங்கிட்டு வந்துருங்கண்ணே."

அண்ணனிடம் ஃபைல் ஒன்று இருக்கிறது. ஜாப் கார்டுகள் தேதி வாரியாக, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில். 1915க்குப் போன் போட்டு வாங்கிய புகார் எண் தனித்தாளில். சட்டம் இப்போது அவருக்கு மனப்பாடம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது புதுக்கோட்டையிலேயே வழக்குப் போடலாம். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

வக்கீல் ஃபைலைப் புரட்டிவிட்டு, புது வண்டி கேட்டால் கிடைப்பது கஷ்டம் என்றார். 2006இல் மாருதி கார் வழக்கு ஒன்றில், வாரண்டி என்பது கெட்டுப்போன பாகத்தை மாற்றித் தருவதற்கான வாக்குத்தான், வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். தயாரிப்பிலேயே கோளாறு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை வேண்டும். ஆனாலும் அலைச்சலுக்கு நஷ்டஈடு கேட்கலாம், போடுவோமா என்றார்.

அண்ணன் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கேஸ் போட்டால் பேப்பரில் வரும். பேப்பரில் வந்தால் சகலை படிப்பார். சர்வீஸ் சென்டரில் மேனேஜரின் மேஜையைத் தட்டி, "இதெல்லாம் ஒரு வண்டியாய்யா, தகர டப்பா!" என்று கத்துகிறவரும், அன்றைக்கே சாயங்காலம் டீக்கடையில், "வண்டின்னா இதுதாம்ப்பா வண்டி" என்கிறவரும் ஒரே ஆள்தான். இரண்டையும் அவர் மனதாரத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. காசு கொடுத்தவருக்குத் திட்ட உரிமை உண்டு. அடுத்தவன் திட்டினால் அது இவர் புத்தியைத் திட்டுவது.

ஆனியில் மச்சினன் வந்து நின்றார். "கார் எடுக்கலாம்னு இருக்கேன் மச்சான். சின்ன மச்சான் அவரு வண்டியவே எடுக்கச் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?" பின்சீட்டில் கிடந்த ஃபைலை அண்ணன் மெதுவாக சீட்டுக்கு அடியில் தள்ளினார். "அவன் பேச்ச விடு. கண்ண மூடிக்கிட்டு இதையே எடு மாப்ள."

மச்சினன் எடுத்துவிட்டார். அதே மாடல், அதே டீசல், அதே வெள்ளை. குடும்பத்தில் இப்போது இரண்டுக்கு ஒன்று. சகலை வாயடைத்துப் போனார். வண்டி வந்த வாரமே மச்சினனிடமிருந்து போன்.

"மச்சான், ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா லெஃப்ட் சைடுல டொக்குனு ஒரு சத்தம் வருதே?"

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எரர் கோடு ஏதாவது காட்டுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் காட்டல."

"அப்பறம் என்ன மாப்ள? இந்த மாடலோட நேச்சரே அப்படித்தான்."