டீக்கடை பெஞ்சின் நுனி: ஓர் ஆய்வு

நுனி என்பது யாது எனின், பெஞ்சின் காலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை. கால் என்றது பெஞ்சின் காலை. உட்கார்ந்தவர் காலை அன்று.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பெஞ்சு ஆறடி நீளம், சுமார் 20 கிலோ. கால்கள் இரு முனையிலிருந்தும் ஓரடி உள்ளே. ஆய்வாளர், அதாவது நான், 70 கிலோ. இடது நுனியில் அமர்ந்து, சூடு தாங்காமல் கிளாஸின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கோடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் காசு கொடுக்க எழுந்தார். எஞ்சிய ஆய்வு தரையில் நடந்தது. டீ வேட்டியில்.

“பலகை பழசு சார்” என்றார் கடைக்காரர். “உடம்பு போட்டுட்டீங்க” என்றார் டீ மாஸ்டர். இரண்டும் பொருந்தா. என்னை? பலகை முறியவில்லை, சாய்ந்தது. சாய்வுக்கு எடை மட்டும் போதாது. எடையையும் தூரத்தையும் பெருக்க வேண்டும். பிளஸ் ஒன் பாடநூல் இதைத் திருப்பு விசை என்னும்.

இடது காலை அச்சாகக் கொள்க. பெஞ்சின் 20 கிலோ இரண்டடி உள்ளே அழுத்துகிறது: 40. நானோ ஒன்பது அங்குலம் வெளியே: 52.5. (நியூட்டன் மீட்டரில் எழுதாததற்குக் காரணம், பெஞ்சைச் செய்த ஆசாரி அடிக்கணக்கில் அளந்தது.) ஆறே முக்கால் அங்குலத்துக்குள் அடங்கியிருந்தால் இக்கட்டுரையே பிறந்திராது. பெரியவர் 60 கிலோ என்போம், கேட்கத் துணிவில்லை. வலது காலுக்கு நேராக, நாலடி தூரத்தில், அவர் தந்தது 240. பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை முடிக்கும்வரை என்னைத் தாங்கியது அதுதான்.

வலது காலைத் தரை பிடித்துக்கொள்ளாதோ எனின், கொள்ளாது. தரைக்கு மேலே தள்ளத்தான் தெரியும், கீழே இழுக்கத் தெரியாது. நான் வெளியே நகர நகர அந்தத் தள்ளலும் குறைந்து பூஜ்யமாகிறது, கால் எழும்புகிறது.

நிற்க ஓர் இடம் தந்தால் உலகையே நகர்த்துவேன் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதாகப் பாப்பஸ் எழுதிவைத்தார். கவனிக்க: நிற்கத்தான் கேட்டார், நெம்புகோல் தெரிந்தவர். உட்காரக் கேட்கவில்லை.

மறுநாள் அதே பெரியவர் பேப்பரை மடித்துக்கொண்டே, “எந்திரிக்கிறேன் தம்பி, உள்ள தள்ளி உக்காருங்க” என்றார். சுழற்சிச் சமநிலையின் நிபந்தனையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. சொல்லிவிட்டு எழும் இவ்வழக்கம் மரப்பெஞ்சுக்கு மட்டுமே உரியது என்பதும் ஆய்வில் தெரிந்தது. எதிரே பஸ் ஸ்டாப்பில், காலைத் தரையோடு சேர்த்துப் பூசிய சிமென்ட் பெஞ்சில், யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிறார்கள்.