மணிக்கு என்னா வாடகை?

எவரெஸ்ட்டில் ஏறி இறங்கிய எட்மண்ட் ஹிலாரி அதோடு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. 1958 ஜனவரி 4-ஆம் தேதி மூன்று ஃபெர்குசன் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு தென் துருவத்தில் போய் நின்றார். தரைவழியே வண்டி ஓட்டித் துருவத்தைத் தொட்ட முதல் கூட்டம் அதுதான். உழவுக்கென்று செய்த சாதாரண வண்டி. சக்கரத்தைச் சுற்றிப் பட்டை மாட்டிப் பனியில் இறக்கிவிட்டார்கள். அந்த வம்சத்தில் வந்த என் டிராக்டர், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் கிளம்பினால் வாயு லிங்கம் போவதற்குள் ஒருமுறையாவது மூச்சு வாங்க நிற்கும். நிற்கிற இடத்தில் யாராவது ஒரு பெரியவர் வந்து பின் டயரை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கேட்பார்:

"வாத்தியாரே, மணிக்கு என்னா வாடகை?"

வாடகைக்கு விடுவதில்லை என்பேன்.

"சொந்தக் கழனிக்கா?"

எனக்குச் சொந்தமாக இருப்பது வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரமும் அதில் வரும் கம்பளிப்பூச்சியும்தான். அதையும் சொல்வேன்.

"அப்ப இன்னாத்துக்கு இது?"

இந்த இடத்தில் எனக்குப் பேச்சு வராது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டுப் பிழைத்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

இங்கிலாந்தில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்களாம். அங்கே பழைய டிராக்டரைப் பிரித்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுத்து ஊர்வலம் விடுவது கௌரவமான பொழுதுபோக்கு. அதற்குச் சங்கம் உண்டு, பத்திரிகை உண்டு, பரிசு உண்டு, உழவுப் போட்டிகூட உண்டு. போட்டி முடிந்த நிலத்தில் என்ன விதைப்பார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. நம் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவரைப் பெரிய மனுஷன் என்கிறோம். பழைய புல்லட் வைத்திருப்பவரை ரசிகன் என்கிறோம். பழைய டிராக்டர் வைத்திருப்பவரை மட்டும் ஏன் இன்னும் புதுசு வாங்கவில்லை என்று பரிதாபமாகப் பார்க்கிறோம்.

என் வண்டி மேசி 1035. எண்பதுகளின் தொடக்கத்தில் மாமனார் கடன் போட்டு வாங்கியது. அதை வைத்து அவர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கொல்லையில் மல்லாட்டையும் போட்டு, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். பிறகு கிரிவலப் பாதையோரம் நிலமெல்லாம் மனையாகிப் போன காலத்தில் அவருடைய கொல்லையும் மனையானது. டிராக்டருக்கு உழ நிலம் இல்லை. புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். வருஷக்கணக்கில் நின்றது. இருக்கைக்குக் கீழே கோழி அடைகாத்தது. பின் சக்கரத்தைச் சுற்றிக் கோவைக்கொடி படர்ந்தது. மாமனார் காலமான பிறகு காயலாங்கடைக்காரர் வந்து இரும்பை விரலால் சுண்டிப் பார்த்து, கிலோ இத்தனை என்றார். மனுஷர் டிராக்டரைப் பார்க்கவே இல்லை, எடையைத்தான் பார்த்தார். எனக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. அவர் சொன்ன விலையை நானே கொடுத்து வாங்கிவிட்டேன். என் மனைவி தன் வீட்டுச் சீதனம் தாமதமாக வந்து சேர்ந்ததாக நினைத்து அன்று மட்டும் சந்தோஷப்பட்டாள்.

இந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொன்னால்தான் என் கிறுக்கு கொஞ்சம் நியாயமாகத் தெரியும். ஹாரி ஃபெர்குசன் வட அயர்லாந்துக்காரர். 1909-ல் தானே செய்த விமானத்தில் தானே ஏறிப் பறந்தவர். அயர்லாந்தில் அதற்கு முன் எவரும் பறந்ததில்லை. ஆகாயத்தில் ஆசை தீர்ந்ததும் கலப்பைக்கு வந்தார். அந்தக் காலத்து டிராக்டர் கலப்பையை வெறுமனே பின்னால் கட்டி இழுக்கும். கலப்பை பாறையில் மாட்டினால் எஞ்சின் சுற்றுவதை நிறுத்தாது, முன்பக்கம் எழும்பி அப்படியே பின்னால் கவிழ்ந்து ஓட்டுகிறவனைத் தீர்த்துவிடும். ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு பிணைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். கலப்பை எதிலாவது முட்டினால் அந்த வேகம் டாப் லிங்க் வழியாக வந்து வண்டியின் மூக்கைக் கீழே அழுத்தும். ஹைட்ராலிக் லிப்ட் கலப்பையைத் தூக்கும், இறக்கும். இன்று உலகத்தில் அநேகமாக எந்தக் கம்பெனி டிராக்டரை வாங்கினாலும் பின்னால் அந்த மூன்று கொக்கி இருக்கும்.

இவ்வளவு செய்த மனுஷர் 1953-ல் தன் தொழிலை மேசி-ஹாரிஸ் கம்பெனிக்குக் கொடுக்கும்போது விலையில் ஒரு மில்லியன் டாலர் இழுபறி. காசு சுண்டிப் பார்த்துவிடலாம் என்றார். சுண்டினார்கள். தோற்றார். அதை ஏற்றுக்கொண்டார். எங்கள் தெருவில் வேலி ஓரம் அரை அடி நிலத்துக்கு இருபது வருஷமாக வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கும் அண்ணன் தம்பியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தக் காசு செல்லுமா, பார்த்தாரா?" என்று அண்ணன் கேட்டார். தம்பி அதைக்கூட ஆமோதிக்கவில்லை.

1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கி மேசி ஃபெர்குசன் வண்டிகளை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். எஞ்சின், செம்பியத்தில் இருக்கும் சிம்ப்சன் எஞ்சின், மூன்று சிலிண்டர். சிம்ப்சன் 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி. ஆக, புளியமரத்தடியில் கோழி முட்டையிட்டது ஏதோ இரும்புக் குப்பையின் மேல் இல்லை, கொஞ்சம் சரித்திரத்தின் மேல்.

சரித்திரத்தைச் செங்கம் சாலையில் ஒரு பட்டறைக்கு இன்னொரு டிராக்டர் கட்டி இழுத்துப் போனோம். அங்கே ஒரு மேஸ்திரி. வயது எழுபதுக்கு மேல், காது அரைவாசி. ஆனால் எஞ்சின் சத்தம் மட்டும் முழுசாகக் கேட்கும். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், கிரிவலம் போகிற நிதானத்தோடு. "எஞ்சின் நல்லாத்தான் செத்திருக்குது" என்றார். நல்லபடியாகச் செத்தது என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போது உடையாமல், நின்றுபோய் உறைந்தது என்று அர்த்தம். பிழைக்க வாய்ப்பு உண்டு.

ஹெட்டைக் கழற்றி, உறைந்த பிஸ்டன்களின் மேல் டீசல் ஊற்றி ஊறவிட்டார். பிறகு மரக்கட்டை வைத்துத் தட்டல். தட்டி, ஊறவிட்டு, பீடி பற்றவைத்து, மறுபடி தட்டி. கடைசியில் மூன்றும் அசைந்தன. போர் அடித்து புது லைனர், ரிங் எல்லாம் போட்டார். நான் சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் சாமான் தேடினேன். இந்த வண்டியின் சாமான் கிடைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். வெளிநாட்டில் ஒரு பழைய வாஷருக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் தேடுவார்களாம். இங்கே கடைப் பையன் நிமிர்ந்து பார்க்காமலே எடுத்துப் போட்டான். ஊரெல்லாம் இந்த வண்டி இன்னும் உழுதுகொண்டிருக்கிறது. அபூர்வம் என்று நான் நினைத்தது பெட்டிக்கடைச் சரக்கு.

எனக்கும் மேஸ்திரிக்கும் சண்டை வந்தது பெயிண்டில். அசல் சிவப்புதான் வேண்டும் என்றேன். "இதைவிட நல்ல சிவப்பு வந்துடுச்சு சார்" என்றார். பழைய முகப்பு விளக்கு வேண்டும் என்றேன். மறுநாள் போனால் நீல வெளிச்சத்தோடு எல்.ஈ.டி. பட்டை. ஹாரன் அமுக்கினால் பாட்டு. மூடியின் பக்கவாட்டில், நான் கேட்காமலே, "அம்மன் துணை". எல்லாம் அப்படியே பழையபடி இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அவர் என்னை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். "நாற்பது வருஷம் கழிச்சுப் பட்டறைக்கு வருது. வந்த மாதிரியே திருப்பி அனுப்புனா எனக்கு இன்னா மரியாதை?" இதற்கு என்ன சொல்வது? எல்.ஈ.டி.யைக் கழற்றினார். பாட்டு ஹாரனைக் கழற்றினார். அம்மனைக் கழற்ற என்னாலும் சொல்ல முடியவில்லை.

டீசல் எஞ்சினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை டேங்க் காய்ந்தால் குழாயில் காற்று புகுந்துவிடும். பம்பு டீசலை அழுத்தினால்தான் நாசில் திறந்து பீச்சும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், நாசில் வாயைத் திறக்காது. ஆகவே ஏர் எடுக்க வேண்டும். பில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்தி, சின்னக் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி, அப்புறம் சுத்தமான டீசல். இறுக்கு. அடுத்து பம்பில் ஒரு திருகு. அடுத்து நாசில் நட்டு. இதற்குள் சட்டை போச்சு. எடுத்து முடித்து செல்ஃபைத் தொட்டதும் வண்டி இரண்டு இருமல் இருமியது. கரும்புகை ஒன்று எழும்பி, பக்கத்து மாடியில் காய்ந்த வேட்டிகளின் மேல் நிதானமாக இறங்கியது. பிறகு மூன்று சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. மேஸ்திரி காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "வந்துட்டான்" என்றார். வேட்டிக்காரரும் வந்துவிட்டார்.

அந்த நாட்களில் ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பட்டறை வாசலில் நின்றுவிட்டார். ஊரில் அவரிடம் சாம்பல் நிற ஃபெர்குசன் ஒன்று இருக்கிறதாம். கொட்டகை கட்டி, துணி போர்த்தி, வருஷத்தில் சில நாள் மட்டும் வெளியே எடுப்பாராம். கண் கலங்க என் மேசியைத் தடவினார். இதில் எந்தெந்தச் சாமான் அசல் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மேஸ்திரி பெருமையோடு, "ஸ்டியரிங் அசல். மீதி எல்லாம் என் கை" என்றார். அடுத்து மேஸ்திரியின் முறை: "அவரு வண்டி மணிக்கு எவ்வளவு ஓட்டுறாரு?" ஓட்டுவதில்லை, வைத்திருக்கிறார் என்றேன். மேஸ்திரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம். நிலம் இல்லையாட்டம்."

உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள ஜனங்கள் வந்து சேருகிற ஊர் இது. மலையைப் பார்த்தபடி நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போவோம். மனுஷனுக்குக் கொடுக்கிற இந்தச் சலுகையை ஒரு டிராக்டருக்குக் கொடுக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. பெயிண்ட் காயுமுன் மச்சான் வந்தார். எரு நாலு நடை அடிக்க வேண்டுமாம், டிரெய்லர் அவருடையதாம். மறுப்பது எப்படி? அவருடைய அப்பா வாங்கிய வண்டி. அடுத்து ஒரு மாமா, சேடை ஓட்ட. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கியதில், நான் பஞ்சு வைத்துத் துடைத்த ஹப்பு முதல் அம்மன் துணை வரை ஒரே நிறமானது. பிறகு மல்லாட்டை மூட்டை. பிறகு விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார். பிறகு ஒரு கல்யாண வீட்டுக்குப் பந்தல் கம்பு. மாட்டுப் பொங்கலன்று யாரோ கரும்பு கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாட்டுக்குச் செய்ததுபோல முன் மூடியில் சுண்ணாம்புப் பொட்டும் வைத்துவிட்டார்கள். அதையும் அசல் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு பௌர்ணமி. நிலா ஏறினால் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். அதற்குள் வந்துவிடலாம் என்று அன்னதானத்துக்குத் தண்ணீர் கேன் இறக்கிவிட்டுத் திரும்பினேன். வெறுங்காலோடு நடந்த அம்மாக்கள் என்னை முந்திப் போனார்கள். ஒரு பாட்டி திரும்பிப் பார்த்து, "ஓரமா வாப்பா" என்றது. வாயு லிங்கம் தாண்டுமுன் வண்டி நின்றது. பதினாலு கிலோமீட்டர் ஜனமும் என் வண்டியைப் பாறையைச் சுற்றும் ஆறுபோலச் சுற்றிக்கொண்டு போனது. சிலர் போகிற போக்கில் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாரோ விபூதி பூசினார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் ஒரு ரூபாய் வைத்தார். கற்பூரம் எடுத்த ஒரு அம்மாவை, டீசல் டேங்க் இருக்கிறது தாயே என்று கைகூப்பித் தடுத்தேன்.

பந்தோபஸ்துக்கு நின்ற இளம் காவலர் ஓடிவந்தார். "எடுங்க சார் வண்டிய." எடுக்காது என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பில்டரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்தார். "ஸ்பேனர் இருக்குதா?" எடுத்துக் கொடுத்தேன். திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். நுரை, குமிழி, டீசல். காக்கிக் கால்சட்டையில் ஒரு கோடு. "எங்க நைனா இதே வண்டிதான் வெச்சிருந்தாரு" என்றார். செல்ஃப் பிடித்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"மணிக்கு என்னா வாடகைக்கு ஓட்டுறீங்க சார்?"

இந்தக் கேள்விக்கு ஊரில் ஒரு விடை இருக்கிறது, எனக்குத்தான் தெரியாது என்பது போன மாதம் தெரிந்தது. அலமாரியில் காஸ் புத்தகம் தேடியபோது நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. என் மனைவியின் கையெழுத்து. மச்சான், எரு, இத்தனை மணி, இத்தனை ரூபாய். மாமா, சேடை. பிள்ளையார் கமிட்டி, பாதி விலை. எல்லாவற்றுக்கும் வசூல் ஆகி டிக் அடித்திருந்தது. வீட்டில் புதிதாக வந்திருந்த மிக்ஸியும், இரண்டு ஆடும், அவள் கழுத்தில் கொஞ்சம் கனத்துத் தெரிந்த சங்கிலியும் எனக்கு ஒரே நொடியில் விளங்கின.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை. ஒரு சாயங்காலம் காற்று வாங்க ஏரிக்கரை வரை ஓட்டிப் போய் வந்தது நினைவிருக்கிறது. "வீட்டுக்காரர். வேலை: இல்லை. முக்கால் மணி. பாக்கி."

"என்கிட்டயுமாடி?" என்றேன்.

"டீசல் என்ன, உங்க ஃபெர்குசன் அனுப்புறாரா?" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்க முருங்கை மரத்துக்குப் போனாள்.