செலொப்பியாத்தின் வீட்டுக்காரி

வேதாகமத்தில் எனக்கு மிகவும் வேண்டப்பட்ட பெண்மணி ஒருத்தி உண்டு. எஸ்தர் இல்லை, ரூத் இல்லை. கல்யாண வீடுதோறும் வாசித்து மணப்பெண்ணை மிரட்டுவார்களே, நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்துக் குணசாலி, அவளும் இல்லை. (விடிவதற்கு முன்னே எழுந்து, சமைத்து, நூல் நூற்று, நிலம் வாங்கி, திராட்சைத் தோட்டமும் போடுகிறவளோடு எனக்கு என்ன பேச்சு?) நான் சொல்கிற அம்மாளுக்குப் பெயரே கிடையாது. அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. செலொப்பியாத்தின் வீட்டுக்காரி.

மோசே காலத்துச் செலொப்பியாத்துக்கு மகன் இல்லை, ஐந்தும் மகள்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். எண்ணாகமத்திலும் யோசுவாவிலும் இந்த ஐந்து பெயரையும் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்கிற வேதம், பெற்றவளை மட்டும் விட்டுவிட்டது. பெயர் கேட்டு யாராவது கூடாரத்துக்குப் போயிருப்பார்கள். ஐந்து தலைக்குச் சடை போட்டுக்கொண்டிருந்தவள், "இப்ப முடியாது, அப்புறம் வாங்க" என்று சொல்லியிருப்பாள்.

எனக்கு இரண்டுதான். இருப்பது பாளையங்கோட்டையில், குழாயில் தண்ணீர் வருகிற வீட்டில். அவளுக்கோ ஐந்து, அதுவும் வனாந்தரத்தில். தினமும் மன்னா. நேற்று வைத்த சாம்பாரை இன்றைக்குச் சுட வைத்தாலே எங்கள் வீட்டில் இரண்டு மூஞ்சிகள் கோணுகின்றன. அங்கே காலையில் ஐந்து குரலில் "இன்னைக்கும் மன்னாவா?" என்று கேட்டிருக்கும். வெள்ளரிக்காயும் வெங்காயமும் கேட்டு ஜனங்கள் கூடாரவாசலில் நின்று அழுதார்கள் என்று வாசிக்கும்போது எனக்கு ஜனங்கள் மேல் கோபம் வருவதில்லை. சமைத்தவளை நினைத்துக்கொள்வேன்.

வனாந்தரத்தில் நாற்பது வருஷமும் ஜனங்களின் உடுப்பு பழசாகவில்லை என்று உபாகமம் சொல்கிறது. எங்கள் சபை ஐயர் இதைப் பெரிய அற்புதம் என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது என் பெரியவள் என் காதருகே குனிந்தாள். "எம்மா, அப்போ நாப்பது கிறிஸ்மஸுக்கும் ஒரே டிரஸ்ஸா?" மோசே காலத்தில் கிறிஸ்மஸ் கிடையாது என்று சொல்லி வாயை அடைத்தேன். ஆனால் அவள் கேள்வி நியாயம்தான். எங்கள் சபையில் டிசம்பர் 25 அதிகாலை ஆராதனைக்கு ஒன்று, 31ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கு இன்னொன்று என்று உடுப்பு எடுக்காத வீட்டைப் பின்மாற்றக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

சின்னவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த ஆச்சிமார் எல்லாரும் ஆளுக்கொரு ஜெபம் பண்ணினார்கள். கண்ணைத் திறந்ததும் ஒரே ஆறுதல்: "கவலைப்படாத மக்கா, அடுத்தாப்புல ஆண்டவர் கண் திறப்பாரு." தொட்டிலில் கிடந்த பிள்ளையை அவர் கண்ணை மூடிக்கொண்டா தந்தார் என்று கேட்கத் தோன்றியது. தையல் வலியில் விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளை இப்போது குடும்ப ஜெபத்தைத் தன் கைக்குள் வைத்திருக்கிறது. ராத்திரி எட்டரை மணிக்குப் பாய் விரித்து, ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், பிறகு வரிசையாக ஜெபம். ஜெபத்தின் நடுவே யாரும் குறுக்கே பேசக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் பலத்தை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். "எங்கள் அன்பின் பரம பிதாவே, என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்தவர்களுக்கு நீர் உணர்வுள்ள இருதயத்தைத் தந்தருளும்." பக்கத்துப் பாயில் பல் நறநறக்கும். அடுத்து பெரியவள் முறை: "மற்றவர்கள் போனை அனுமதியில்லாமல் நோண்டுகிற சிறுபிள்ளைகளையும் மன்னியும்." என் வீட்டுக்காரரும் இப்போது தேறிவிட்டார். நேருக்கு நேர் குழம்பைப் பற்றி ஒரு சொல் சொல்லாத மனிதர், அன்றைக்கு, "எங்களுக்காகச் சமைக்கிற கரங்களுக்கு உப்பின் காரியத்தில் ஞானத்தைத் தாரும்" என்றார். ஆமென் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். மறுநாள் குழம்பில் உப்பே போடவில்லை.

இவர்களை இப்படிப் பேச வைத்தது யார் என்று தேடினால் பழி பழைய மிஷனெரி அம்மாமார் மேல்தான் விழுகிறது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மா பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். அங்கேயே பிறந்து தமிழ் பேசி வளர்ந்த அவர் மகள் எலிசா, 1844இல் கால்டுவெல் ஐயரைக் கட்டிக்கொண்டு இடையன்குடித் தேரிக்காட்டுக்கு வந்தார். தாயிடம் கற்ற லேஸும் பள்ளிக்கூடமும் கூடவே வந்தன. ஐயர் ஒப்பிலக்கணம் எழுதினார், 1968இல் மெரினாவில் சிலையும் ஆனார். அம்மாவுக்கு அங்கே சிலை இல்லை. செலொப்பியாத்தின் வீட்டுக்காரிக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அந்தக் காலத்துப் போர்டிங் பள்ளிகளுக்கு ஒரு கணக்கு இருந்தது: உபதேசியாருக்கும் வாத்தியாருக்கும் வேதம் வாசிக்கத் தெரிந்த, அடக்கமான மனைவி வேண்டும். வாசிக்கத் தெரிந்த மனைவி கிடைத்தாள். அடக்கம்தான் அங்கங்கே பாக்கி. வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை மட்டும் வாசிக்காதே என்று சொல்ல முடியுமா?

அந்த அதிகாரம் போன மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் திறந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்திருந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு. பிள்ளைகளுக்குப் பெரியப்பா. சபையில் முன் பெஞ்சு, நல்ல மனிதர், எங்கள் கஷ்ட காலத்தில் நின்றவர். காப்பி குடித்துக்கொண்டே பொறுமையாக ஆரம்பித்தார். "தம்பி, உனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைக. நாளைக்குக் கட்டிக்கொடுத்தா வேற குடும்பம். நம்ம அப்பா வச்ச பனைவிளை வெளிய போயிரக் கூடாது பாத்துக்கோ. உன் பங்கை என் பையன் பேருக்கு எழுதி வச்சிரு. பிள்ளைகளுக்கு நகைநட்டு நானும் சேந்து போடுதேன்."

என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பெரியவள் உள்ளே போய் வேதப் புத்தகத்தோடு வந்தாள். சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிற பிள்ளை. செலொப்பியாத்தின் மகள்கள் மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபையார் எல்லாருக்கும் முன்னால் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்டதை வாசித்தாள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தர் சொன்னதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போனாள். பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தில் கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் என்று இருந்ததையும், மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதைக் கவிழ்த்ததையும் சொன்னாள்.

பெரியப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஓய்வுநாள் பாடசாலையில் வேதப் பரீட்சைக்குப் பரிசு வாங்கியவர். "எல்லாம் சரி மக்கா. 36ஆம் அதிகாரத்தையும் வாசி" என்றார். அங்கே மனாசே கோத்திரத்துச் சொந்தக்காரர்கள் மறுபடியும் மோசேயிடம் வருகிறார்கள், இதே பனைவிளைக் கவலையோடு. நிலம் வேறு கோத்திரத்துக்குப் போகாதபடி, அந்தப் பெண்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவாகிறது. பெரியவள் ஒரு நொடி நின்றாள். எனக்கே அடிவயிறு கலங்கியது.

சின்னவள் புத்தகத்தை எட்டிப் பார்த்து விரலால் தடவி வாசித்தாள். "எம்மா, அவங்க அஞ்சு பேரும் அப்பாவோட அண்ணன் தம்பி பையன்களையே கட்டிக்கிட்டாங்களாம்." நிமிர்ந்து மூலை நாற்காலியைப் பார்த்தாள். "அப்போ அக்கா இந்த அண்ணனையா கட்டணும்?"

மூலை நாற்காலியில் அதுவரை போனுக்குள் இருந்த அண்ணன் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். "ஏ அப்பா, வாங்க போவோம்" என்று எழுந்தே விட்டான். போன ரக்‌ஷாபந்தனுக்குப் பெரியவளிடம் ஐந்நூறு ரூபாய் பறிகொடுத்தவன் அவன்.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "எதையும் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. ஜெபம் பண்ணி முடிவெடுப்போம்." எங்கள் வட்டாரத்தில் இப்படிச் சொன்னால் அந்தப் பேச்சு கிணற்றில் போட்ட கல் என்று அர்த்தம். சம்பந்தம், கடன், இடமாற்றம் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்களுக்குள் நிரந்தரமாக உறங்கும்.

சின்னவளுக்கு அந்த அர்த்தம் தெரியவில்லை. அல்லது தெரிந்திருந்தது. "இப்பவே பண்ணிருவோம் பெரியப்பா" என்று அந்த இடத்திலேயே முழங்கால் போட்டுக் கண்ணை மூடிவிட்டாள். எல்லாரும் தலை குனிய வேண்டியதாயிற்று. கதவருகே செருப்பில் கால் நுழைத்த அண்ணனும் அப்படியே நின்றான்.

"எங்கள் அன்பின் பரம பிதாவே, மோசேக்குச் சொன்ன வண்ணமாய் எங்கள் பெரியப்பாவுக்கும் சொல்லும். வடக்கே முள்வேலிக்கும் தெற்கே பாழுங்கிணற்றுக்கும் உட்பட்ட பனைவிளையில், கிணற்றுப் பக்கத்தை அக்காவுக்கும், நாவல் மரம் நிற்கிற பக்கத்தை எனக்கும் தந்தருளும். பனைமரங்களைச் சரிபாதியாய்ப் பிரித்தருளும். ஒற்றையாய் மிஞ்சினால் அதை அண்ணனுக்குக் கொடுக்க எங்களுக்கு நல்ல மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்."

"ஆமென்" என்றோம்.

சின்னவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"எம்மா, பெரியப்பா சொல்லல."