பீன்ஸ் போட்டால் குற்றமா?

கே: ராஜ்மா, கேரட், குடைமிளகாய், ஸ்வீட் கார்ன் எல்லாம் போட்டு சில்லி செய்தேன். பக்கத்து வீட்டு டெக்சாஸ்காரர் ‘இது சில்லியே இல்லை’ என்று முகம் சுளிக்கிறார். என்ன பதில் சொல்ல? (வாசகி, டாலஸ்)

ப: பதில் சொல்லாதீர்கள், ஒரு கிண்ணம் கொடுங்கள். வாதத்தில் இறங்கினால் ஊரே அவர் பக்கம் நிற்கும். 1977-இல் சில்லியை மாநில உணவாகவே அறிவித்தவர்கள் அவர்கள். 1967-இல் டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் தொடங்கிய சில்லிப் போட்டி இன்றும் நடக்கிறது. அங்கே சட்டியில் பீன்ஸ் தென்பட்டால் ஆட்டம் குளோஸ். மாட்டிறைச்சி, வற்றல் மிளகாய், சீரகம், அவ்வளவுதான் சில்லி என்பது அவர்கள் கட்சி. டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையிலிருந்து அச்சிட்டு அனுப்பிய செய்முறை அட்டையிலும் பீன்ஸ் கிடையாது. இருக்கட்டுமே! உங்கள் வீட்டு நடுவர்கள் பசியோடு பள்ளியிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு விதிப் புத்தகம் தெரியாது.

கே: காய் நிறையப் போட்டால் சில்லி ரசம் மாதிரி ஓடுகிறதே? (நியூ ஜெர்சி)

ப: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டி மூடிவிட்டீர்கள், சரிதானே? காய்க்குள் இருக்கும் தண்ணீர் எங்கே போகும், பாவம்.

ஆறு பேருக்கு 250 கிராம் காளான் எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில், நல்ல சூட்டில், தனியாக வதக்குங்கள். தண்ணீர் விட்டு, அது வற்றி, ஓரம் சிவக்கும்வரை கரண்டியை அடக்கி வையுங்கள். காளானை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் 2 வெங்காயம், 2 கேரட், 2 குடைமிளகாய், பூண்டு. அடுத்து மசாலாத்தூளும் 2 டேபிள்ஸ்பூன் தக்காளி பேஸ்ட்டும். பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு வரவேண்டும். ருசியில் பாதி இங்கேதான் பிறக்கிறது. அப்புறம் 800 கிராம் டின் தக்காளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வெந்த ராஜ்மா, எடுத்து வைத்த காளான். மூடியைச் சாய்த்து வைத்து 30 நிமிடம் கொதிக்கட்டும். ஜுக்கினியும் கார்னும் கடைசி 10 நிமிடத்துக்குத்தான். முன்னால் போட்டால் ஜுக்கினியைத் தேட வேண்டியிருக்கும். இன்னும் நீர்த்திருந்தால் ஒரு கரண்டி ராஜ்மாவை மசித்துக் கலக்குங்கள். சோளமாவைக் கரைத்து ஊற்றாதீர்கள், பளபளவென்று ஹோட்டல் சூப் ஆகிவிடும்.

கே: அமெரிக்கச் செய்முறையில் சொன்னபடி 3 டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டேன். வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. (கோவை)

ப: நாக்கு எரியும்போது யார் பேசுவார்கள்? அமெரிக்கர்கள் புட்டியில் இருப்பது காரம் குறைந்த வற்றல், சீரகம், ஒரிகானோ, பூண்டு சேர்ந்த கலவை. டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890-களில் அதைப் பொடித்து விற்கத் தொடங்கினார். நீங்கள் போட்டது நம் ஊர் தூள். அடுத்த முறை 1 டேபிள்ஸ்பூன் காஷ்மீரித் தூள், 2 டீஸ்பூன் சீரகத்தூள், 1 டீஸ்பூன் ஒரிகானோ போதும். இப்போதைக்கு இன்னொரு சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இன்னும் கொஞ்சம் ராஜ்மாவும் சேர்த்து, மேலே கெட்டித் தயிர் வையுங்கள்.

கே: காலையில் ஸ்லோ குக்கரில் காய்ந்த ராஜ்மாவைப் போட்டுவிட்டு அலுவலகம் போகலாமா? (ஹூஸ்டன்)

ப: கூடாது. இதில் மட்டும் கேலி கிடையாது. ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது அழியாது. அரைவேக்காடு பச்சையைவிட மோசம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரத்தில் தேடி வரும். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டபிறகே வேறு வேலை. பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. டின் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, பயமில்லை. இன்னொன்று: ராஜ்மா மெத்தென்று வெந்தபிறகே தக்காளி. புளிப்பு பட்டால் அது பிடிவாதம் பிடிக்கும்.

கே: சின்சினாட்டியில் பட்டை போட்ட சில்லியை ஸ்பகெட்டி மேல் ஊற்றித் தந்தார்களே, ஏமாற்றுகிறார்களா? (ஒஹாயோ)

ப: இல்லை. 1922-இல் மாசிடோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் கடைபோட்டுத் தொடங்கிய வழக்கம். டாலஸ் வாசகியின் பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கே: பையன் கேரட்டைக் கண்டாலே ஓடுகிறான். (சிகாகோ)

ப: துருவிப் போடுங்கள். தக்காளிக்குள் மறைந்துவிடும். மேலே சீஸும் கார்ன் சிப்ஸும் தூவினால், ஓடியவன் தட்டோடு திரும்பி வருவான்.

கே: சாதத்தில் பிசைந்து சாப்பிட்டால் தப்பா? (சென்னை)

ப: ஹவாயில் சாதத்தோடுதான் சாப்பிடுகிறார்கள். அப்பளம் உங்கள் சொந்தப் பொறுப்பு.