ஏற்காட்டு மலைப்பாதையும் லினக்ஸ் விருப்பமும் – ஓர் ஆய்வு

மக்கள் எந்த லினக்ஸை விரும்புகிறார்கள், அதன்மேல் எந்த டெஸ்க்டாப்பை விரித்துக்கொள்கிறார்கள் என்ற வினா உலகெங்கும் சண்டையாகவே நடந்துவந்திருக்கிறது. ஆய்வாக நடந்த பாடில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுகிறது. களம் சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு. சமவெளியில் இதைச் செய்ய முடியாது. அங்கே ஒரு டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் ஒரு பதிப்பு, சலித்துவிட்டால் அடுத்த தெருவில் வேறொன்றை வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பார். விருப்பம் ஓரிடத்தில் நிற்காது. ஏற்காட்டுக்கோ சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறியாக வேண்டும். அத்தனை வளைவிலும் ஆட்டம் கண்டு மேலே வந்து சேர்ந்த ஓர் இயங்குதளத்தை யாரும் விளையாட்டாக மாற்ற மாட்டார்கள். ஆகவே இங்கு காணப்படும் விருப்பமே உறுதிப்பட்ட விருப்பம் என்க.

ஆய்வெல்லையைச் சொல்லிவிடுவது மரபு. ஏரிக்கரைக் கடைகள், தங்கும் விடுதிகளின் வரவேற்பு மேசை, காப்பித் தோட்ட அலுவலகங்கள், பள்ளிகள் ஆகியன எல்லைக்கு உட்பட்டவை. குப்பனூர் வழியாக ஏறுவோர் சேர்க்கப்படவில்லை. அவர்களுடைய வளைவுக் கணக்கு வேறு. மே மாதக் கோடை விழாவுக்கு வந்து, படகுத்துறை ஓரமாக மடிக்கணினியைத் திறந்துவைத்து அலுவலக வேலை பார்க்கும் பெங்களூர்க்காரர்களும் விலக்கப்பட்டனர். அவர்களில் பலர் கையில் இருப்பது ஆப்பிள். அது இம்மலையின் விளைபொருள் அன்று.

கேள்வித்தாள் எதுவும் வழங்கப்படவில்லை. லினக்ஸ் வைத்திருப்பவரிடம் “என்ன டிஸ்ட்ரோ?” என்று கேட்டால் பதில் ஒரு சொல்லில் முடியாது. முன்பு எதில் இருந்தார், அதை ஏன் விட்டார், நீங்கள் இப்போது இருப்பது ஏன் தவறு என்பதெல்லாம் சேர்ந்துதான் பதில். அது முடிவதற்குள் கடைசிப் பேருந்து சேலத்துக்கு இறங்கிவிடும். லினக்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாதவரிடம் கேட்டாலோ, “கம்ப்யூட்டர்தாங்க” என்று பதில் வரும். மிகச் சரியான பதில்தான். ஆனால் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் அடங்காது. எனவே மலையின் இயல்பிலிருந்து மக்களின் விருப்பத்தை உய்த்துணரும் முறையே இங்குக் கையாளப்படுகிறது. விழுக்காடு வேண்டுவோர் வேறு ஆய்வாளரை நாடுக.

டெஸ்க்டாப்புகளை ஐந்திணையாகப் பகுக்கும் ஆசை தொடக்கத்தில் எழுந்தது. தமிழாய்வாளர் எவருக்கும் எழும் ஆசைதான். முழுக்க முழுக்கக் குறிஞ்சியாக இருக்கும் ஒரு மலையில் நெய்தலும் மருதமும் காலியாகக் கிடக்கும் என்பதால் அது கைவிடப்பட்டது.

அடுத்து வருவது உயரக் கோட்பாடு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் முகடு 1,600-ஐத் தாண்டும். உயரம் கூடக் கூட டிஸ்ட்ரோவும் கடினமாகும், அடிவாரத்தில் உபுண்டு, உச்சியில் ஆர்ச் என்று ஒரு சாரார் கொள்வர். அது பொருந்தாது. உச்சியில் இருப்பது சேர்வராயன் குகைக்கோயில். அங்கே கணினிக்கு வேலை இல்லை. தட்பவெப்பத்தை முன்னிட்டு நியாயம் சொல்லத்தக்க டிஸ்ட்ரோ ஒன்றே ஒன்று, ஜென்டூ. அதில் மென்பொருள்களை வழக்கமாக மூலநிரலிலிருந்து நம் கணினியே கம்பைல் செய்துகொள்ளும். ஒரு பிரவுசருக்கே மணிக்கணக்கில் பிராசசர் கொதிக்கும். டிசம்பர் பனியில் அறைக்கு ஹீட்டர் வாங்கும் செலவு மிச்சம். இப்பயனைக் கருதி இம்மலையில் ஜென்டூ நிறுவியவர் எவரும் எம் பார்வைக்கு எட்டவில்லை என்பதையும் நேர்மையோடு பதிவு செய்கிறோம்.

ஆக, மேலே நோக்குவதை விட்டு அடியில் தோண்டுவதே முறை. அதற்கு வழிகாட்டியும் ஏற்காட்டிலேயே இருக்கிறார். 1863-இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையிலெடுத்து, இது ஆதி மனிதன் செதுக்கிய கோடரி என்று கண்டுசொன்ன நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-இல் மறைந்தார். ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. மண்ணடுக்கைப் பார்த்துக் காலத்தைச் சொல்லும் அவர் துறையின் வழக்கத்தை நாம் ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருத்துகிறோம்.

தமிழ்நாட்டில் இவ்வகை அகழாய்வுக்கு ஏற்ற தொல்பொருள், அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. திட்டம் 2011-இல் தொடங்கியது, வழங்கப்பட்டவை லட்சக்கணக்கில். மூடியில் அன்றைய முதல்வரின் படம். உள்ளே இரண்டு அடுக்குகள்: ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. டெபியன் என்ற டிஸ்ட்ரோவை அடியாகக் கொண்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்குவது. எண்ணிப் பாருங்கள். ஒரு மாநிலத்தின் மாணவர்கள் லட்சக்கணக்கானோர் கையில் லினக்ஸ் வந்துசேர்ந்தது. இப்படியொரு வாய்ப்பை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்கூடக் கண்டதில்லை. விளைவு என்ன? இன்று அந்த மடிக்கணினிகளில் ஒன்றைத் திறந்து தோண்டினால் பாஸ் இருந்த பகுதியில் பெரும்பாலும் சினிமாப் படங்கள் கிடைக்கின்றன. ‘இடம் அடைக்குது’ என்று ஃபார்மேட் பண்ணிவிட்டார்கள்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. உபுண்டு 2004-இல் வந்தபோது, கேட்டவர்க்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். தபால் செலவும் அவர்களுடையதே. 2011-இல் நிறுத்தும்வரை தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி விடுதிகளுக்கு அந்த உறைகள் வந்தவண்ணம் இருந்தன. ஒருவர் பத்து சிடி கேட்டு வாங்குவார், ஒன்பதை நண்பர்களுக்குக் கொடுப்பார், கொடுத்த பாவத்துக்கு அந்த ஒன்பது பேரின் வைஃபையையும் அவரே சரிசெய்து கொடுப்பார். ஒரு தலைமுறைக்கு லினக்ஸ் என்றாலே உபுண்டு என்று ஆனது இப்படித்தான்.

இவ்விரண்டையும் எடைபோட்டால், ஏற்காட்டு விதி என்று நாம் அழைக்கப்போவதன் முதற்பகுதி தானே வெளிப்படும்: மக்கள் டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பதில்லை, கொண்டுவருபவர் தேர்ந்தெடுக்கிறார். இதற்கு மலையிலேயே முன்மாதிரி உண்டு. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து இங்கே நட்டார். அன்று மலையில் யாரும் காப்பி கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் பாஸ் லினக்ஸையும் ஒருவர் கொண்டுவந்தார்தானே, அரசாங்கமே கொண்டுவந்ததே என்று தடை எழுப்பலாம். எழுப்ப வேண்டும். அத்தடைக்கு விடையே விதியின் இரண்டாம் பகுதி, இவ்வாய்வின் கண்டுபிடிப்பும் அதுவே. கொண்டுவந்தவர் இரண்டாம் முறை வர வேண்டும். லாரியில் வந்த மடிக்கணினி மேடையில் கைமாறியது, புகைப்படம் எடுத்தாயிற்று, லாரி திரும்பிப் போயிற்று. மறுவாரம் பாட்டு ஓடவில்லை, டாங்கிள் பிடிக்கவில்லை என்றபோது வந்து நின்றவர் யார்? கையில் விண்டோஸ் சிடியோடு பக்கத்து வீட்டு அண்ணன். பிறகென்ன, அண்ணனின் இயங்குதளமே ஊரின் இயங்குதளம்.

வாளையாரைத் தாண்டினால் இதன் மறுபக்கத்தைக் காணலாம். கேரளத்திலும் அரசாங்கம்தான் பள்ளிகளுக்கு லினக்ஸைக் கொண்டுவந்தது. இப்போது அது உபுண்டுவை அடியாகக் கொண்ட கைட் என்ற பதிப்பாக ஓடுகிறது. ஆனால் அவர்கள் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தை அதை வைத்தே எழுதினார்கள், பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். இரண்டாம் முறை வருபவர் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தார். நம் பக்கம் இந்த வேலையைச் செய்துவருபவர்கள் சம்பளமில்லாத சிலர்: காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள், 2012 முதல் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் குறித்து எழுதிவரும் கணியம். அரசாங்கம் செலவழித்த தொகையில் நூறில் ஒரு பங்கை இவர்களுடைய பேருந்துக் கட்டணத்துக்குக் கொடுத்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

இனி டெஸ்க்டாப். இங்கே கொள்கைப் போர்கள் ஏராளம். 1996-இல் கேடிஇ என்ற டெஸ்க்டாப் தொடங்கியது. அது நம்பியிருந்த க்யூடி நூலகத்தின் உரிமம் போதிய சுதந்திரம் தரவில்லை என்று 1997-இல் அதற்கு மாற்றாக க்னோம் பிறந்தது. 2011-இல் க்னோமின் மூன்றாம் பதிப்பு கீழ்ப்பட்டையையும் பழைய மெனுவையும் எடுத்துவிட்டது. உலகம் கொதித்தது. பழைய க்னோமைப் பிரித்தெடுத்து மாத்தே என்று ஒரு கூட்டம் வளர்த்தது, லினக்ஸ் மின்ட் என்ற டிஸ்ட்ரோக்காரர்கள் சின்னமனை உண்டாக்கினார்கள். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப் பக்கம் போனார். பிறகு க்னோமுக்கே திரும்பிவிட்டார் என்பது நம் மாமாக்களின் கல்யாண வீட்டுக் கோபங்களை அறிந்தோர்க்கு வியப்பளிக்காது.

இத்தனை போரும் விடுதி வரவேற்பறைக்கு ஒரே வாக்கியமாக வந்துசேரும். “தம்பி, கீழ மூலைல ஸ்டார்ட் பட்டன் இருக்குமே, அது எங்கப்பா?” சேலத்திலிருந்து வந்த தம்பி காட்டுவார். “இங்கதாங்கண்ணே இருக்கு, பச்சையா.” அண்ணன் அதோடு நிம்மதியாகிவிடுவார். ஆகவே சின்னமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ மூன்றும் இம்மலையில் ஒரே குலம். இவற்றுள் பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ சாலச் சிறந்தது. குறைந்த நினைவகத்தில் காலம் தள்ளும். க்னோமைப் பொறுத்தமட்டில், மூலையில் ஒன்றுமில்லாத திரையை அண்ணனிடம் காட்டி அதன் தத்துவத்தை விளக்கும் துணிவு எந்தத் தம்பிக்கும் வாராது.

டிஸ்ட்ரோவுக்கு வருவோம். தோட்டக்காரர்கள் அரபிகாவையும் ரோபஸ்டாவையும் நன்கு அறிவார்கள். அரபிகாவுக்கு மணம் உண்டு, விலை உண்டு. இலைத்துரு நோயும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் முதலில் தேடிவருவதும் அதைத்தான். ரோபஸ்டா கரடுமுரடு, ஆனால் தாங்கும். ஆர்ச் லினக்ஸ் அரபிகா, டெபியன் ரோபஸ்டா. ஆர்ச்சுக்கு நாள்தோறும் புதுத்தளிர் விடும். அன்றாடம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து, கரண்டும் இணையமும் போய், சில மாதம் மூடிவைத்த ஆர்ச்சைத் திறந்து அப்டேட் கொடுத்தால், மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிக்கொத்தே காலாவதியாகிக் கிடக்கும். முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்தவருக்குத் தெரியும். தெரிந்தவர் இருபது வளைவுக்குக் கீழே இருக்கிறார். டெபியனோ ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் புதுப் பதிப்பு விடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தம் உண்டு. அதற்குள் தம்பிக்கு ஒருமுறையாவது மலையேற லீவு கிடைத்துவிடும். ஒரே வருத்தம், 2025-இல் வந்த பதின்மூன்றாம் பதிப்போடு 32 பிட் பழங்கணினிகளுக்கான நிறுவியை டெபியனும் கைவிட்டுவிட்டது. அவ்வகைக் கணினிகளை இனி ஃபூட்டின் துறையிடம் ஒப்படைப்பதே முறை.

மேற்கண்ட அனைத்தையும் கவிழ்க்க வல்ல ஒரு பொருள் உண்டு. இதுவரை சண்டையிட்டோர் அதைப் பேசாது விட்டது பெரும் பிழை. பிரிண்டர். ஜெராக்ஸ் கடையாகட்டும், தோட்ட அலுவலகமாகட்டும், மேசையோரத்தில் ஒரு கேனான் எல்பிபி 2900 உட்கார்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. உழைப்பில் யானை. ஆனால் அது கணினியோடு பேசுவது தனக்கே உரிய பாஷையில். லினக்ஸில் அதன் டிரைவரை நிறுவுவதற்குள் நிறுவுபவர் சித்தராகிவிடுவார். ஹெச்பி பிரிண்டர்கள் பலவும் மறுபேச்சின்றி வேலை செய்வதால், ஹெச்பி உள்ள மேசையில் எந்த டிஸ்ட்ரோவும் வாழும். எனவே ஒருவரது லினக்ஸ் விருப்பத்தை அறிய விழைவோர் அவரிடம் கொள்கை கேட்க வேண்டியதில்லை. மேசையோரத்தில் குனிந்து பிரிண்டரின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் போதும்.

முடிபு: மூலையில் பச்சைப் பட்டன் வேண்டும், பழைய கணினியும் தாங்க வேண்டும். ஆகவே சேர்வராயன் மலைக்குரிய இயங்குதளம் லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. டெபியனும் தகும், கொண்டுவருபவர் டெபியன்காரராக இருந்தால். கொண்டுவருபவர் ஆர்ச்காரராக இருந்தால் அவரை ஒரு வாரம் மலையிலேயே தங்கவைத்து, பகோடா பாயின்டும் கிளியூர் அருவியும் காட்டி, மனம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. ஆகவே வாசகருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஏற்காட்டுக்குக் கிளம்பும்போது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மின்டை ஏற்றி எடுத்துச் செல்லுங்கள். தங்கும் இடத்தில் அப்படியொரு கணினி கண்ணில் பட்டால், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து பூட் செய்து காட்டுங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பாருங்கள். அவர் சரி என்றால், கோப்புகளை வேறிடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டு நிறுவுங்கள். உங்கள் செல்பேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். அடுத்த விடுமுறைக்கும் அங்கேயே அறை போட்டுவிடுங்கள்.